உளுந்தையும் சேர்த்து வாங்கும் அரிசிக் கடை: திருவாரூர்ப் பக்கத்து உழவர் அங்காடி, ஒரு மதிப்புரை

காவிரிப் படுகையில் பாரம்பரிய அரிசி விற்காத ஊரைக் காண்பது இப்போது அரிதாகிவிட்டது. பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு கடையில்கூட மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்பு கவுனியும் ஒரு கிலோப் பைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றில் எந்தக் கடை நல்ல கடை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று செய்திகளைத்தான் எதிர்பார்க்கிறார்கள்: அரிசி உண்மையானதா, விலை என்ன, சுவை எப்படி. இவற்றோடு நான்காவதாக ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அரிசி விளைந்த அதே வயலில் நெல்லுக்கு முன்னும் பின்னும் விளைகிற மற்றவற்றையும் அந்தக் கடை வாங்கிக்கொள்கிறதா? திருவாரூர் மாவட்டத்தில், நன்னிலம், குடவாசல் வட்டாரங்களின் இயற்கை உழவர்கள் ஒன்றுசேர்ந்து நடத்தும் ஓர் அங்காடியில் சில ஆண்டுகளாக அரிசி, பயறு, எண்ணெய் வாங்கி வருகிறேன். அந்த நான்காவது கேள்விக்கு நான் பார்த்தவரையில் தெளிவாக ஆம் என்று பதில் சொல்லக்கூடிய கடை அதுதான். அதன் குறைகளையும் எழுதப்போவதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே முறையில் நடக்கும் கடை உங்கள் ஊரில் இருந்தால் அதை மதிப்பிடவும் இந்தக் கட்டுரை பயன்படலாம்.

கடை பெரியதன்று. முன்புறம் விற்பனைக்கூடம், பின்புறம் மூட்டைகள் அடுக்கிய கிடங்கு, பக்கத்தில் ஒரு சிறிய மரச்செக்கு. நுழைந்தவுடன் கண்ணில் படுவது சுவரில் மாட்டியிருக்கும் கரும்பலகை. அன்று விற்பனையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது விளைந்த ஊர், அறுவடையான மாதம், உழவருக்குக் கொடுத்த விலை, கடையில் விற்கும் விலை ஆகிய நான்கும் சாக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். உழவருக்குக் கொடுத்த விலையை வாங்குபவர் கண்முன் எழுதி வைக்கும் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த ஒரு பத்தியை அழித்துவிட்டால் இந்தக் கடைக்கும் மற்றக் கடைகளுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி மறைந்துவிடும்.

நெல்லோடு உளுந்தையும் சேர்த்து வாங்குவதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். படுகையில் சம்பா, தாளடி ஆகிய நெற்பருவங்களின் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள்களுக்கு முன்பாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையும் பாசிப்பயற்றையும் தெளித்துவிடுவது நெடுநாள் வழக்கம். உழவு கிடையாது, தனியாகப் பாசனம் கிடையாது. அறுவடைக்குப் பின் தாள் நடுவே முளைத்து நிற்கும் பயறு, மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் தை, மாசிப் பனியிலும் வளர்ந்து பங்குனியில் காய்த்துவிடும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாகப் பிடித்துக் கொடுக்க, இலையும் வேரும் மண்ணிலேயே மக்கிப்போகும். வெயில் ஏறும் மாதங்களில் நிலம் வெறுமையாகக் கிடக்காமல் மூடியிருக்கும். மண்ணை மீட்டெடுக்கும் வேளாண்மை என்று உலகம் முழுவதும் இன்று பேசப்படும் கொள்கைகளான மண்ணைக் கிளறாதிருத்தல், மூடி வைத்தல், வேரை உயிரோடு வைத்திருத்தல், பயிரை மாற்றுதல் ஆகிய எல்லாமே இந்த ஒரு வழக்கத்தில் அடங்கியிருக்கின்றன.

அந்த வழக்கம் பல ஊர்களில் தேய்ந்துவிட்டதற்குக் காரணம் உழவரின் அறியாமை இல்லை. அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் இயந்திரம் வயலுக்குள் வந்தது. அதன் எடை தாங்க மண் காய்ந்திருக்க வேண்டும், பயறு முளைக்கவோ ஈரம் வேண்டும்; ஈரத்தில் இறக்கினால் முளைத்த பயற்றைச் சக்கரம் நசுக்கிவிடும். தப்பித் தவறி விளைந்த இரண்டு மூன்று மூட்டையை விற்கப் போனாலும் வியாபாரி கேட்ட விலைக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே, நல்ல விலைக்குப் பயற்றை வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருந்தால்தான் ஆள்வைத்து அறுக்கும் கூடுதல் செலவை உழவர் ஏற்பார். நாம் கருப்பு கவுனியை மட்டும் விரும்பி வாங்கிவிட்டு, அதே வயலின் உளுந்தைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட்டால், அந்த நிலம் மீண்டும் நெல் மட்டும் விளையும் நிலமாகவே நின்றுவிடும். இயற்கை அரிசியை உண்பதாக நாம் நிறைவடைந்துகொண்டிருக்கும்போதே அதை விளைவித்த மண் இளைத்துக்கொண்டிருக்கும்.

இந்த அங்காடியின் அடிப்படை விதி இதை நேராகவே எதிர்கொள்கிறது. உறுப்பினராகச் சேரும் உழவரிடம் நெல்லை வாங்க வேண்டுமானால், அந்த வயலில் பயறோ எள்ளோ பசுந்தாள் உரப் பயிரோ ஏதாவது ஒன்று விதைக்கப்பட்டிருக்க வேண்டும். விளைந்த பயற்றையும் எள்ளையும் கடையே வாங்கிக்கொள்ளும். உறுப்பினராகச் சேரும் குடும்பங்களுக்கும் அதேபோல ஒரு விதி இருக்கிறது. ஐந்து கிலோ அரிசியை உறுப்பினர் விலைக்கு வாங்குபவர் ஒரு கிலோவாவது பயறு வாங்க வேண்டும். முதலில் இது கட்டாய விற்பனைபோலத் தோன்றலாம். ஆனால், காரணத்தைக் கடையிலேயே விளக்கிச் சொல்கிறார்கள், நமக்கும் வீட்டில் பயறு தேவைப்படுகிறது, தரமும் நன்றாக இருக்கிறது என்பதால் எவரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

பொருள்களுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இங்கே முதலில் வாங்க வேண்டியது அரிசியைக் காட்டிலும் உளுந்துதான். தோலுடன் முழுதாகவும், உடைத்தும் தருகிறார்கள். மணி சிறியது, கடையில் கிடைக்கும் வெள்ளை உருட்டு உளுந்தின் பளபளப்பு இதற்குக் கிடையாது. ஊறவைத்துத் தோலை அரித்து எடுத்து ஆட்டினால் மாவு பொங்கிவரும் அளவும், கையில் எடுக்கும்போது நூல்போல இழைவதும் பார்த்தவுடன் வேறுபாட்டை உணர்த்திவிடும். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடும் வீட்டில் இந்த உளுந்தைச் சற்றுக் குறைத்தே போடலாம். தோலோடு வறுத்து அரைத்து, கருப்பட்டிப் பாகில் கிளறி, அதே கடையின் நல்லெண்ணெயை ஊற்றி எடுக்கும் உளுந்தங்களிக்கு இதைவிடச் சிறந்த உளுந்தை நான் சமைத்ததில்லை. கிலோ 150 ரூபாய். பாசிப்பயறும் நல்லதே என்றாலும் ஆனி, ஆடிக்குள் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்த பிறகு வெளியிலிருந்து வாங்கி நிரப்புவதில்லை. கரும்பலகையில் பயறு அடுத்த பங்குனியில் என்று எழுதிவிடுகிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அரிசியில் மாப்பிள்ளைச் சம்பாப் புழுங்கலைப் பற்றி முழுமையாகச் சொல்லலாம். கிலோ 95 ரூபாய். செங்காவி நிறம், தடித்த மணி. மேல் தவிட்டை எடுக்காமல் உமியை மட்டும் நீக்கி அரைக்கிறார்கள். முந்தின இரவே ஊறவைக்காமல் இதைச் சமைக்க முடியாது. எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். ஒரு பங்கு அரிசிக்கு நான்கு பங்கு தண்ணீர் வைத்துப் பானையில் வடித்தால் மணி நீளவாக்கில் வெடித்து உள்ளே வெள்ளை தெரியும். அந்த நிலையில் இறக்க வேண்டும். முந்தினால் சோறு பல்லில் தட்டும், பிந்தினால் குழையாமலேயே சக்கையாகிவிடும். வடித்த கஞ்சி வெளிறிய சிவப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். உப்புப் போட்டுக் குடிக்க, பிள்ளைகள் முதலில் முகம் திருப்பிப் பிறகு கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். சாம்பாருக்கு இந்தச் சோறு ஒத்துவராது என்பது என் அனுபவம். வத்தக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு, கீரை மசியல் ஆகியவற்றோடுதான் சேர்கிறது. மிஞ்சியதில் நீரூற்றி வைத்து மறுநாள் காலை மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடும்போது இந்த அரிசியின் முழுச் சிறப்பும் தெரிகிறது. நீராகாரம் புளித்தும் அதில் கெட்ட வாடை வருவதில்லை.

நாள்தோறும் உண்பதற்குத் தூயமல்லியையோ கிச்சிலிச் சம்பாவையோ பரிந்துரைப்பேன். இரண்டும் வெள்ளை அரிசி, மெல்லிய மணி, பொன்னி அரிசிக்குப் பழகிய நாக்குக்கு அந்நியமாக இராது. பூங்கார் சிவப்பரிசி மாவில் இடியாப்பம் நன்றாக வருகிறது. கருப்பு கவுனி வழக்கமான கருப்பு கவுனிதான். செட்டிநாட்டு முறையில் சர்க்கரையும் தேங்காய்த்துருவலும் சேர்த்து இனிப்புச் செய்ய ஏற்றது, கிலோ 180 ரூபாய் கொடுத்து நாள்தோறும் உண்ண வேண்டிய பொருள் என்று நான் நினைக்கவில்லை. செக்கு நல்லெண்ணெய் சிறப்பு. காய்கறிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாரத்தில் இரண்டு நாள் வரும், பத்து மணிக்குள் போனால் கத்தரிக்காயும் கீரையும் கிடைக்கும்.

விதைக்கும் இந்தக் கடைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் விட முடியாது. இவர்களுடைய நெல் ரகங்களில் பல, திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாக்கள் வழியாகப் பரவியவை. இரண்டு கிலோ விதையை இலவசமாகக் கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கி, அதை வேறு இருவருக்குக் கொடுத்த அவரது முறைதான் 174 பாரம்பரிய ரகங்களை மீண்டும் வயலுக்குக் கொண்டுவந்தது. அவர் 2018 டிசம்பரில் மறைந்தார். அவருக்கு வழிகாட்டியாக விளங்கிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார். இருவரும் போன பின்னும் அந்த விதைப் புழக்கம் நிற்கவில்லை என்பதற்கு இக்கடையின் பின்கட்டில் ஆடி மாதம் நடக்கும் விதைப் பரிமாற்றமே சான்று. விதைக்கு இங்கே விலை வைப்பதில்லை. ஒரு நோட்டில் பெயரும் ரகமும் எழுதி எடுத்துப்போகிறார்கள், தை கழிந்து இரட்டிப்பாகக் கொண்டுவருகிறார்கள். காட்டுயானம், குழியடிச்சான், களர்பாளை என்று கடையில் அரிசியாக அதிகம் விற்காத ரகங்களும் அந்த நோட்டில் இருக்கின்றன. குழியடிச்சான் உப்புத் தன்மையையும் வறட்சியையும் தாங்கும் கடலோர ரகம். 2004 ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்து நாகை மாவட்ட வயல்கள் உவர்ப்பாகிப்போனதை மறக்காதவர்களுக்கு, அதிகம் விற்காத ஒரு ரகத்தை ஏன் ஆண்டுதோறும் விதைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பது புரியும்.

இனி இவர்களுடைய பங்குத் திட்டம். கடையின் சேவைகளில் மிகவும் துணிச்சலானது இதுவே. ஆடி, ஆவணியில் சம்பா விதைப்புக்கு முன் ஒரு குடும்பம் ஒரு பங்குக்கான தொகையை முன்பணமாகக் கட்டிவிட வேண்டும். அந்தப் பணம் உழவு, நாற்று, களையெடுப்புச் செலவுக்காக உழவருக்குப் போகிறது. அவர் வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை. தை, மாசியில் அறுவடையான பிறகு, நெல்லைச் சிறிது காலம் இருப்பில் வைத்து, அவித்து, அரைத்து, பங்குனி முதல் மாதந்தோறும் அரிசி தருகிறார்கள். விளைச்சல் நன்றாக இருந்தால் பங்குக்கு அரிசி கூடும், குறைந்தால் குறையும். இந்த நிபந்தனையை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

அந்த வரிக்கு 2023 பிப்ரவரியில் சோதனை வந்தது. அந்த மாதத்தின் முதல் வாரத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் படுகை முழுவதும் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயரமான ரகங்கள் முதலில் படுத்தன. எங்கள் பங்குக்கு வர வேண்டிய அரிசியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி குறைந்தது. ஈடாக என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. முதலில் உறுப்பினர்களைக் கூட்டி, எந்தெந்த வயலில் எவ்வளவு போயிற்று என்ற கணக்கைப் படித்துக் காட்டினார்கள். வெளியிலிருந்து அரிசி வாங்கிக் குறையை நிரப்பும் எளிய வழியை அவர்கள் எடுக்கவில்லை. மேட்டுப்பாங்கான வயல்களில் தப்பிப் பிழைத்த உளுந்தில் கொஞ்சத்தையும், குறுவைப் பருவத்தில் விளைந்த பூங்கார் இருப்பில் கொஞ்சத்தையும் பங்குக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று நீர் இருப்புக் குறைந்து மேட்டூர் அணை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, ஜூன் 12க்குத் திறக்க வேண்டிய அணை ஜூலை 28 அன்றுதான் திறந்தது. இப்படித் தொடர்ந்து மூன்று இடையூறுகள் வந்தும் பங்குத் திட்டம் நிற்காமல் நடந்ததற்கு, ஒரே ரகத்தையும் ஒரே பருவத்தையும் இவர்கள் நம்பியிராததே காரணம். அணை திறக்கத் தாமதமான ஆண்டில் குறுவையை விட்டுவிட்டு, கிடைத்த கோடை மழையில் பலதானியம் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, நேராகச் சம்பாவுக்குப் போனவர்களும் இவர்களில் இருக்கிறார்கள்.

கார்த்திகையில் உறுப்பினர்களை வயலுக்கு அழைத்துப் போவதுண்டு. போன முறை நாங்கள் பார்த்தது இரண்டு ஏக்கர்த் தூயமல்லி. பால் பிடிக்கும் பருவம். வரப்பில் தட்டைப்பயறும் வெண்டையும் நட்டிருந்தார்கள். வரப்போரத்து ஈரமண்ணில் புழுக்கள் தள்ளிய மண்ணுருண்டைகள் கொத்துக்கொத்தாகக் கிடந்தன. பக்கத்து வயலின் நெல் கரும்பச்சையாகத் தழைத்திருக்க, இது வெளிர்பச்சையாக நின்றது. உடன் வந்த ஓர் அம்மா, "ஏன் ஐயா, பயிர் இப்படி வெளுத்திருக்கிறதே, சத்துக் குறைவா?" என்று கேட்டார். உழவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "இல்லைம்மா, இதோட நிறமே இதுதான். யூரியா போட்டாக் கருகருன்னு வரும், அந்தப் பச்சைக்குத்தான் இலைச்சுருட்டுப் புழு தேடிக்கிட்டு வரும். கிடை போட்டதுதான் இந்த வயலுக்கு அடியுரம்." இராமநாதபுரம் பக்கத்திலிருந்து அறுவடைக்குப் பின் ஆட்டு மந்தைகளோடு படுகைக்கு வரும் கீதாரிகளை அவர் சொன்னார். இரவில் ஆடுகளை வயலில் அடைத்து வைக்க, புழுக்கையும் சிறுநீரும் நிலம் முழுவதும் சேரும். அதற்கான கிடைக்கூலியையும் இந்தக் கடை உழவரின் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சான்றிதழைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: இவர்கள் பங்கேற்பு உத்தரவாத முறையின் கீழ்ப் பதிந்திருக்கிறார்கள். ஏற்றுமதிக்குத் தேவைப்படும் மூன்றாம் தரப்புச் சான்று இதுவன்று. ஒரு குழுவைச் சேர்ந்த உழவர்கள் ஒருவர் வயலை ஒருவர் பார்வையிட்டு உறுதி சொல்லும் முறை இது. அண்டை வயல்காரர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இரவில் மருந்தடிக்க முடியாது என்பதால் உள்ளூர் விற்பனைக்கு இதுவே போதுமானது என்று கருதுகிறேன். ஆனாலும் பார்வையிட்ட அறிக்கைகளைக் கடையில் பொதுவாக எடுத்துப் பார்க்கும்படி வைத்தால் புதிதாக வருபவருக்கும் நம்பிக்கை வரும். இப்போது கேட்டால்தான் காட்டுகிறார்கள்.

விலையைப் பற்றிய புகார்கள் வருவது இயல்பு. எனவே வயலில் நாங்கள் சந்தித்த அந்த உழவர் சொன்ன கணக்கையே தருகிறேன். தூயமல்லியோ மாப்பிள்ளைச் சம்பாவோ ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 18 வந்தால் அவருக்கு நல்ல விளைச்சல். கடை குவிண்டாலுக்கு 4,000 ரூபாய் கொடுக்கிறது. ஆக ஏறத்தாழ 43,000 ரூபாய். பக்கத்து வயலில் உரமிட்டு விளைந்த சன்ன ரக நெல் 36 மூட்டை. அரசின் கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என்ற விலையில் அது ஏறத்தாழ 55,000 ரூபாய். நெல்லை மட்டும் பார்த்தால் இயற்கை உழவர் தோற்றுப்போகிறார். உரம், மருந்துச் செலவு அவருக்குக் குறைவு என்றாலும் கையால் களையெடுக்கும் கூலி அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. அவரை நிமிர்த்துவது ஏக்கருக்கு இரண்டரைக் குவிண்டால் உளுந்து. குவிண்டாலுக்கு 9,000 ரூபாய் வீதம் கடை வாங்குவதால் 22,500 ரூபாய் கூடுகிறது. உயரமான ரகத்தின் வைக்கோலும் மாட்டுக்கு உதவுகிறது. பாரம்பரிய நெல்லைத் தாங்கி நிற்பது உளுந்து என்பதை இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு நான் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. வாங்குபவர் பக்கம் பார்த்தால், ஒரு குவிண்டால் நெல்லும் முழுதாக அரிசியாகிவிடுவதில்லை, உமியும் கழிவும் போக மிஞ்சுவதே அரிசி. அவிக்கவும் அரைக்கவும் கூலி, கல் பொறுக்கும் கூலி, போக்குவரத்து, கடை வாடகை எல்லாம் சேரும்போது கிலோ 95 ரூபாய் அநியாய விலையாக எனக்குப் படவில்லை.

அநியாயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. இந்த நெல்லை நட்டு, களையெடுத்து, குனிந்து அறுக்கும் பெண்கள் இந்தக் கடைக்கு வாங்க வருவதில்லை. அவர்கள் வீட்டில் நியாய விலைக்கடையின் இலவசப் புழுங்கலரிசிதான் உலையில் கொதிக்கிறது. நகரத்து உறுப்பினர்களுக்கு முன்பணத் திட்டமும் வயல் நடையும் வைத்திருக்கும் கடை, தன் வயலில் வேலை செய்பவர்களுக்கென்று இதுவரை ஒரே ஓர் ஏற்பாடுதான் வைத்திருக்கிறது: நொய்யும் உடைந்த உளுந்தும் கிலோ 40 ரூபாய்க்கு அவர்களுக்கு முதலில் கொடுக்கப்படும். அது நல்லது, ஆனால் போதாது. முன்பெல்லாம் அறுவடைக் கூலியை நெல்லாக அளந்தார்கள். அந்த நெல் அந்தந்த ஊரிலேயே உண்ணப்பட்டது. விரும்புபவர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியைப் பணத்தின் மதிப்புக் குறையாமல் அரிசியாகவும் பயறாகவும் கொடுக்க முடியுமா என்று உறுப்பினர் கூட்டத்தில் கேட்டேன். கூடுதல் செலவை உறுப்பினர்கள் ஏற்பதானால் ஓர் ஊரில் செய்து பார்க்கலாம் என்றார்கள். ஏற்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. உள்ளூர் உணவு என்று நாம் சொல்வது உள்ளூரில் உழைப்பவர் தட்டுக்குப் போகாவிட்டால் அந்தப் பெயரை அதற்குச் சூட்ட நமக்கு உரிமை இல்லை.

இன்னொரு கடுமையான குறை, அலமாரிகளின் மேல் ஒட்டியிருக்கும் அட்டைகள். ஒரு ரகம் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்றும் இன்னொரு ரகம் புற்றுநோயைத் தடுக்கும் என்றும் அவற்றில் எழுதியிருக்கிறது. தீட்டாத அரிசியில் தவிடும் நார்ச்சத்தும் மிஞ்சியிருக்கின்றன, கருப்பு கவுனியின் நிறத்துக்குக் காரணமான அந்தோசயனின் என்ற பொருளுக்கும் தனிப் பயன் உண்டு, அதுவரை சரி. ஆனால், மாப்பிள்ளைச் சம்பாவும் மாவுச்சத்து நிறைந்த அரிசியே. அதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர் ஒருவர் இருந்தாலும் அந்தப் பழி இந்த அட்டையைச் சேரும். மண்ணுக்கும் உழவருக்கும் இவ்வளவு நேர்மையாக நடக்கும் கடைக்கு இந்தப் பொய் விளம்பரம் தேவையே இல்லை. இதைப் பலமுறை சொல்லியும் அட்டைகள் அப்படியேதான் இருக்கின்றன.

அரைத்த தேதி பையில் இல்லாததும் ஒரு குறை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை அடித்துவிடும். அறுவடை மாதத்தை எழுதுபவர்கள் அரைத்த நாளையும் எழுதியாக வேண்டும். கோடையில் வாங்கிய தூயமல்லியில் ஒரு முறை வண்டு இருந்தது. கொண்டுபோனவுடன் ஒரு சொல்லும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். பையில் போட்டிருந்த காய்ந்த நொச்சியிலையும் வேப்பிலையும் வண்டை ஓரளவுதான் தடுக்கின்றன. ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றுப்புகாத தூக்கிலோ டின்னிலோ வைப்பது நல்லது. கல் அரிதாக வருகிறது. ஒரே பையில் நிறம் சற்று மாறுபட்ட மணிகள் கலந்திருப்பதையும் காணலாம். பெரிய ஆலைகள் சிறு அளவு நெல்லை ஏற்றுக்கொள்வதில்லை என்பதால் பல ரகங்களை ஒரே சிற்றாலையில் மாற்றி மாற்றி அரைக்கும்போது இப்படி நேர்கிறது என்றார்கள். ஏற்கத்தக்க காரணம்தான்.

கடையில் இருக்கும் இரண்டு பெண்களும் உறுப்பினர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எந்த அரிசி எதற்கு, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எவ்வளவு தண்ணீர் என்பதைக் கேட்பவரின் வீட்டு அடுப்புக்கும் குக்கருக்கும் ஏற்றபடி சொல்வார்கள். கட்டணச் சீட்டு கையால் எழுதப்படுவதால் மாதத்தின் முதல் வாரத்தில் காத்திருக்க வேண்டியிருக்கும். மதியம் ஒன்றரை முதல் நான்கு மணி வரை கடை மூடியிருக்கும், வெளியூரிலிருந்து வருபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். துணிப்பையோ டின்னோ கொண்டுபோனால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கிறார்கள்.

புதிதாகப் போகிறவர்கள் ஒரு கிலோ தூயமல்லி, ஒரு கிலோ தோல் உளுந்து, அரை லிட்டர் நல்லெண்ணெய் ஆகியவற்றோடு தொடங்கலாம். மாப்பிள்ளைச் சம்பாவை, இரவே ஊறவைக்கும் பழக்கம் வீட்டில் நிலைக்கும் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அலமாரி அட்டையை விட்டுவிட்டு மருத்துவரைக் கேட்டு அளவை முடிவுசெய்யுங்கள். பங்குத் திட்டத்தில் சேர விரும்புபவர்கள் ஆடிப் பதினெட்டுக்குள் முன்பணம் கட்ட வேண்டும். வேலை செய்பவர்களுக்கு அரிசியும் பயறும் கொடுக்கும் ஏற்பாட்டுக்காகப் பங்குத் தொகையில் கூடுதலாக ஒரு சிறு தொகையைச் சேர்ப்பதைப் பற்றி அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்க இருக்கிறது.